கழுத்தில் கட்டி, முன்னால் அறுபது ஆண்டு
(இளையோரின் தைராய்டு புற்றுநோய் குறித்த அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

இருபது வயதுப் பெண். கழுத்தின் முன்புறம் ஒரு கட்டி. ஊசி போட்டு எடுத்துப் பார்த்ததில் தைராய்டு புற்றுநோய், பாப்பில்லரி வகை என்று வந்திருக்கிறது. கழுத்து நெறிக்கட்டிகளிலும் பரவியிருக்கிறது; நுரையீரலில் பொடிப்பொடியாகப் புள்ளிகள். குடலிலோ மார்பகத்திலோ தோன்றிய புற்று இப்படி நுரையீரலை எட்டியிருந்தால் கோப்பில் நான்காம் நிலை என்று எழுதுவார்கள். இந்தப் பெண்ணின் கோப்பில் எழுதப்படுவது இரண்டாம் நிலை. 55 வயது ஆகாதவர்களுக்கு இந்த வகைப் புற்றில் அதற்கு மேல் ஒரு நிலையே கிடையாது.

அச்சுப் பிழை அல்ல. உலகெங்கும் புற்றுநோய் மருத்துவர்கள் கையாளும் அமெரிக்கக் கூட்டுக்குழுவின் நிலைப் பகுப்பு, 2018 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த எட்டாம் பதிப்பில், இப்படித்தான் வகுத்திருக்கிறது. முந்தைய பதிப்பில் வயது வரம்பு 45. அதைப் பத்து ஆண்டு தள்ளிவைத்ததும், இடைப்பட்ட வயதினர் பலர் உடம்பில் ஒரு மாற்றமும் இல்லாமலே கீழ்நிலைக்கு இறங்கிவிட்டார்கள். நோயாளியின் பிறந்த ஆண்டைப் பார்த்து நோயின் நிலையைச் சொல்லும் புற்றுநோய்கள் மிகச் சில. தைராய்டு அவற்றில் முதன்மையானது.

ஆகவே இளையோரைப் பொறுத்தவரை "பிழைப்பாரா?" என்ற கேள்விக்கு விடை சீக்கிரமே கிடைத்துவிடுகிறது. ஏறத்தாழ எல்லோரும் பிழைக்கிறார்கள். கடினமான கேள்வி அதற்குப் பிறகு வருவது. இன்னும் அறுபது ஆண்டு வாழப்போகிற உடம்புக்கு எவ்வளவு சிகிச்சை போதும்? எந்த இடத்தில் மருத்துவர் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும்? இந்தச் சொற்பொழிவு அந்த இரண்டாவது கேள்வியைப் பற்றியது. அதற்கான விடையில் பெரும்பகுதியை உலகம் கற்றுக்கொண்டது பெலாரூஸ், உக்ரைன் நாட்டுக் குழந்தைகளிடமிருந்து. அவர்கள் யாரும் கேட்டுக்கொண்டு அந்தப் பாடத்துக்கு உட்படவில்லை.

1986 ஏப்ரல் 26, அதிகாலை 1.23 மணிக்குச் செர்னோபில் அணுமின் நிலையத்தின் நான்காம் உலை வெடித்தது. பக்கத்திலிருந்த பிரிப்யாத் நகரின் ஏறத்தாழ 49,000 பேரை மறுநாள் பிற்பகல் பேருந்துகளில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். படங்களில் இன்றும் நாம் பார்ப்பது அந்தக் காலி நகரத்தைத்தான். ஆனால் குழந்தைகளின் கழுத்தைத் தேடிவந்த ஆபத்து வேறு வழியாக, மெதுவாக வந்தது. காற்று கொண்டுபோன அயோடின்-131 பெலாரூசின் கோமெல் பகுதி மேய்ச்சல் நிலங்களில் இறங்கியது. பசு அந்தப் புல்லை மேய்ந்தது. பசுவின் பாலைக் குழந்தைகள் குடித்தார்கள்.

தைராய்டு சுரப்பிக்கு அயோடின்தான் மூலப்பொருள், கிடைப்பதையெல்லாம் இழுத்துவைத்துக்கொள்ளும். நல்ல அயோடின், கதிரியக்க அயோடின் என்று பிரித்துப் பார்க்க அதற்குத் தெரியாது. கோமெல் பகுதி மண்ணிலும் உணவிலும் ஏற்கெனவே அயோடின் குறைவு. பசித்த சுரப்பி கூடுதலாகவே இழுத்தது. இதில் வயதுக் கணக்கு ஒன்றும் இருக்கிறது. பெரியவரின் தைராய்டு 15 முதல் 20 கிராம். கைக்குழந்தையின் தைராய்டு ஒன்றிரண்டு கிராம். இருவரும் ஒரே டம்ளர் பாலைக் குடித்தாலும், குழந்தையின் சுரப்பியில் ஒவ்வொரு கிராம் திசுவும் வாங்கிய கதிர்வீச்சு பல மடங்கு.

அயோடின்-131இன் அரை ஆயுள் எட்டே நாள். இரண்டு மூன்று மாதம் அந்தப் பாலைக் குழந்தைகளுக்குக் கொடுக்காமல் இருந்திருந்தால் பெரும்பகுதி ஆபத்து தானாகவே கரைந்திருக்கும். அண்டை நாடான போலந்து ஏப்ரல் 29 முதலே குழந்தைகளுக்கு அயோடின் மருந்து கொடுக்கத் தொடங்கி, ஒரு கோடிக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குக் கொடுத்தது. புதுப் பாலுக்குப் பதில் பால்பொடியைக் கொடுக்கச் சொன்னது. போலந்தில் விழுந்த கதிரியக்கம் குறைவு என்பது உண்மைதான். ஆனாலும் சோவியத் கிராமங்களில் பல தாய்மார்களுக்கு அந்த நாட்களில் எதுவுமே சொல்லப்படவில்லை என்பதை எந்தக் கணக்கைக் காட்டியும் மன்னிக்க முடியாது.

பெலாரூசில் குழந்தைகளுக்குத் தைராய்டு புற்று என்பது அதுவரை ஆண்டுக்கு ஒன்று என்ற அளவில்கூட வராத அபூர்வ நோய். 1986இல் 2 பேர். 1990இல் 29. 1991இல் 55. மின்ஸ்க் நகரின் அறுவை மருத்துவர் எவ்கேனி டெமிட்சிக்கும் உடன் பணியாற்றியவர்களும் 1992 செப்டம்பரில் 'நேச்சர்' இதழுக்கு எழுதிய சிறிய கடிதம் 131 குழந்தைகளின் கணக்கைச் சொன்னது. மேற்கு நாட்டு நிபுணர்கள் பலர் நம்பவில்லை. கதிர்வீச்சால் வரும் திசுக்கட்டிப் புற்று தலைகாட்டப் பத்து ஆண்டாவது ஆகும் என்பது அன்றைய பாடநூல். நான்கே ஆண்டில் வந்தது என்றால் சோதனை செய்வது கூடியதால் கண்ணில் பட்டிருக்கும் என்று வாதிட்டார்கள். உலக சுகாதார அமைப்பின் கீத் பேவர்ஸ்டாக், கேம்பிரிட்ஜின் நோய்க்குறியியலாளர் டில்வின் வில்லியம்ஸ் ஆகியோர் மின்ஸ்க் போய்த் திசுக்களை நேரிலேயே பார்த்தார்கள். கட்டிகள் உண்மையானவை, பலவும் சுரப்பியைத் தாண்டி நெறிக்கட்டிகளுக்குப் போயிருந்தன. பாடநூல்தான் பின்வாங்கியது.

ஐ.நா. அறிவியல் குழுவின் கணக்குப்படி, விபத்தின்போது 18 வயது நிறையாதவர்களில் 1991 முதல் 2005 வரை 6,848 பேருக்குத் தைராய்டு புற்று கண்டறியப்பட்டது. அவர்களில் 2005 வரை அந்த நோயால் இறந்தவர்கள் 15 பேர். 2015 வரை நீட்டிய கணக்கில் நோயாளிகள் ஏறத்தாழ 20,000. அதில் கால்பங்கு அளவுக்கே கதிர்வீச்சு காரணம் என்று அதே குழு மதிப்பிட்டது. வயது கூடினால் இயல்பாகவே வரக்கூடியவையும், ஸ்கேன் கருவிகள் தேடிப்பிடித்தவையும் மற்றவை.

15 என்பது சிறிய எண் அல்ல. ஒவ்வொன்றும் ஒரு குழந்தை, தவிர்த்திருக்கக்கூடிய மரணம். ஆனால் 6,848க்கு எதிரில் அதை வைத்துப் பார்க்கும் மருத்துவர் திகைத்துப்போவார். டெமிட்சிக் குழு அறுவை செய்த 740 குழந்தைகளின் விவரம் 2006இல் வெளிவந்தது. பத்து ஆண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள் ஏறத்தாழ 99 விழுக்காடு. நூற்றுக்கு ஒருவர்தான் இல்லை. அதே தொகுப்பில், நோய் மீண்டும் தலைதூக்கியவர்கள் நான்கில் ஒரு பங்குக்கும் சற்று மேல். இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் படித்தால்தான் இளையோரின் தைராய்டு புற்று புரியும். பரவும், திரும்பியும் வரும், ஆனால் கொல்வது அரிது.

ஏன் இப்படி? முழு விடை இன்னும் கைக்கு வரவில்லை என்றாலும் ஒரு பகுதி தெளிவாகியிருக்கிறது. இளையோரின் கட்டிச் செல்கள் புற்றான பிறகும் தைராய்டு செல்லின் பழக்கத்தை மறப்பதில்லை. தொடர்ந்து அயோடினை இழுக்கின்றன. முதியோரின் கட்டிகளில் பல அந்தப் பழக்கத்தைத் தொலைத்துவிடுகின்றன. மரபணு வேறுபாடும் உண்டு. பெரியவர்களிடம் பிராஃப் என்ற மரபணுவில் ஓர் எழுத்து மாறுவது முதன்மையான கோளாறு. சிறுவர்களிடம் இரண்டு மரபணுக்கள் அறுந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் இணைவுகள் அதிகம். செர்னோபில் குழந்தைகளின் ஆரம்பக்காலக் கட்டிகளில் ரெட் மரபணுவின் இணைவு ஒன்று திரும்பத் திரும்பத் தென்பட்டது. கதிர்வீச்சு டி.என்.ஏ.வின் இரட்டை இழையை அறுக்கும் என்பதால் அது எதிர்பார்க்கத் தக்கதே. 1998இல் தொடங்கிய செர்னோபில் திசு வங்கியின் மாதிரிகளைக் கொண்டு 2021இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு, உக்ரைனைச் சேர்ந்த 440 பேரின் கட்டிகளை எழுத்து எழுத்தாகப் படித்தது. வாங்கிய கதிர்வீச்சு கூடக்கூட இத்தகைய அறுபடல்களும் கூடின. பாதிப்பு கூடியது இளம் வயதில் வாங்கியவர்களிடம்.

இளையோரின் கட்டி அயோடினை இழுக்கும் என்பதே சிகிச்சைக்கும் வழி திறந்தது. அந்த வழி செர்னோபிலுக்கு நெடுநாள் முந்தியது. 1936 நவம்பரில் பாஸ்டன் நகரில் ஓர் இயற்பியல் உரையைக் கேட்டுக்கொண்டிருந்த சால் ஹெர்ட்ஸ் என்ற இளம் மருத்துவர், அயோடினைக் கதிரியக்கம் உடையதாக்க முடியுமா என்று கேட்டார். 1941 மார்ச் மாதக் கடைசியில் தைராய்டு மிகைச் சுரப்பு உள்ள நோயாளி ஒருவருக்கு அவர் அதைக் கொடுத்தார். இரண்டு ஆண்டில் நியூயார்க்கின் சாமுவேல் சீட்லின், உடம்பெங்கும் பரவிய தைராய்டு புற்றுக்கே அதைக் கொடுத்துப் பார்த்தார். கோமெல் குழந்தைக்கு நோயைக் கொண்டுவந்ததும், பின்னாளில் அந்தக் குழந்தையின் நுரையீரலைச் சுத்தம் செய்ததும் ஒரே அயோடின்-131. வேறுபாடு அளவில். கொஞ்சமாக வாங்கிய செல் உயிர்தப்பி, சேதப்பட்ட மரபணுவோடு பெருகுகிறது. சிகிச்சையில் கொடுக்கும் பெரிய அளவு, செல் பெருகுவதற்கு இடமே கொடுப்பதில்லை.

சுத்தம் செய்த கதை ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகரில் நடந்தது. சோவியத் யூனியன் கலைந்து, கையில் மருந்தும் கருவியும் இல்லாமல் பெலாரூஸ் தத்தளித்த 1990களில், அணு மருத்துவர் கிறிஸ்டோஃப் ரைனர்ஸ் மிக ஆபத்தான நிலையிலிருந்த குழந்தைகளை ஜெர்மனிக்கு வரவழைத்துக் கதிரியக்க அயோடின் சிகிச்சை கொடுத்தார். ஏறத்தாழ எல்லோருக்கும் நெறிக்கட்டிகளில் பரவல். பத்தில் நான்கு பேருக்கு நுரையீரலிலும். மின்ஸ்கில் அறுவை, ஜெர்மனியில் அயோடின், மறுபடி ஊர், சில மாதம் கழித்து மறுபடி ஜெர்மனி என்று பல சுற்று. 229 பேரின் நிலையைப் பல ஆண்டு தொடர்ந்து பார்த்து 2013இல் கணக்கு வெளியிட்டார்கள். 64 விழுக்காட்டினருக்கு நோயின் சுவடே இல்லை. மேலும் 30 விழுக்காட்டினருக்கு ஏறத்தாழ இல்லை. உயிரிழந்தவர் ஒருவர், அவரையும் கொண்டுபோனது புற்று அல்ல, நுரையீரல் தழும்பேறி இறுகிப்போனது.

அந்த ஒருவரைத் தாண்டிப் போய்விடக் கூடாது. நுரையீரல் முழுக்கப் பொட்டுப் பொட்டாகப் பரவியிருக்கும் புற்று அயோடினை இழுக்கும்போது சுற்றியுள்ள நல்ல திசுவும் கதிர்வீச்சை வாங்குகிறது. மீண்டும் மீண்டும் கொடுத்தால் தழும்பேறும் ஆபத்து உண்டு. எதுவரை கொடுப்பது என்பதுதான் இத்துறையின் நீண்ட வாதம். அமெரிக்கத் தைராய்டு சங்கம் சிறுவர்களுக்கென்றே தனியாக முதல் வழிகாட்டலை 2015இல் வெளியிட்டபோது, ஒவ்வொரு சுற்றுக்கும் பிறகு அவசரப்படாமல் காத்திருந்து பார்க்கச் சொன்னது. கடைசி டோஸ் கொடுத்து ஓராண்டு இரண்டாண்டு ஆன பிறகும் பரவல் சுருங்கிக்கொண்டே போவதுண்டு. ஒரு புள்ளிகூட மிஞ்சக் கூடாது என்று துரத்துவது பல சமயம் மருத்துவரின் மன நிம்மதிக்காகவே.

இதற்கு இன்னும் நீண்ட கணக்கு அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் இருக்கிறது. 21 வயதுக்கு உட்பட்ட 215 பேரை, 1940களில் சிகிச்சை பெற்றவர்கள் உட்பட, பல பத்தாண்டு பின்தொடர்ந்து 2010இல் வெளியிட்ட ஆய்வு அது. 40 ஆண்டில் தைராய்டு புற்றால் இறந்தவர்கள் 2 விழுக்காடு. ஆனால் சிகிச்சை முடிந்து 30 ஆண்டு தாண்டிய பிறகு, எதிர்பார்க்கத் தக்கதைவிடக் கூடுதலானோர் இறந்திருந்தார்கள். பெரும்பாலோர் வேறு புற்றுநோய்களால். அப்படி இறந்தவர்களில் நான்கில் மூன்று பங்கினர் ஏதோ ஒரு வகைக் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றிருந்தவர்கள். வெளியிலிருந்து எக்ஸ்ரே பாய்ச்சுவது போன்ற பழைய முறைகளும் அதில் அடக்கம் என்பதால் இன்றைய சிகிச்சைக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. இருந்தாலும் ஐந்தாண்டு, பத்தாண்டு என்று உயிர்பிழைப்புக் கணக்கை முடித்துக்கொள்ளும் வழக்கம் இளையோருக்குப் பொருந்தாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். பதினாறு வயதில் குணமான பெண்ணுக்கு அந்த 30 ஆண்டு முடியும்போது வயது 46தான்.

குறைத்துக் கொடுக்கலாம் என்ற எண்ணம் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டில் வலுப்பெற்றது. 2012இல் பிரிட்டனிலும் பிரான்சிலும் பெரியவர்களிடம் நடந்த இரண்டு சோதனைகள், அறுவைக்குப் பின் கொடுக்கும் அயோடினின் வழக்கமான அளவில் மூன்றில் ஒரு பங்கே போதும் என்று காட்டின. பிரான்சில் அடுத்து நடந்த சோதனை, ஆபத்து குறைந்த நோயாளிகளுக்கு அதுவும் தேவையில்லை என்று 2022இல் சொன்னது. வயது வந்த இளைஞருக்குச் சிறிய, பரவாத கட்டி என்றால் பாதிச் சுரப்பியை எடுத்தாலே போதும் என்று இப்போது பல மருத்துவர்கள் சொல்கிறார்கள். சிறுவர்கள் கதை வேறு. அவர்களின் கட்டி சுரப்பியின் இருபுறமும் இருப்பதும் நெறிக்கட்டிகளில் பரவியிருப்பதும் அதிகம் என்பதால் பெரும்பாலும் முழுச் சுரப்பியும் எடுக்கப்படுகிறது.

அதை யார் எடுக்கிறார்கள் என்பது முடிவையே மாற்றும். தைராய்டின் பின்புறம் அரிசி மணி அளவில் ஒட்டியிருக்கும் நான்கு பாராதைராய்டு சுரப்பிகளைக் கூடவே வெட்டிவிட்டால் ரத்தத்தில் கால்சியம் இறங்கி, விரல் மரத்துப்போகும், கை இழுத்துக்கொள்ளும்; ஆயுள் முழுக்கக் கால்சியம் மாத்திரை. குரல்வளைக்குப் போகும் நரம்பு அடிபட்டால் குரல் கரகரக்கும். இவை உயிர்பிழைப்புக் கணக்கில் எங்கும் வராது. பாட்டுப் படிக்கும் பிள்ளைக்கு அந்த நரம்பின் விலை என்ன என்று எந்த நிலைப் பகுப்பும் சொல்லாது. ஆண்டு முழுவதும் தைராய்டே அறுவை செய்யும் கைகளிடம் இந்தச் சேதம் குறைவு என்பதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. இளம் நோயாளியின் குடும்பம் முதலில் விசாரிக்க வேண்டியது அந்தக் கைகளைப் பற்றித்தான்.

இந்த நம்பிக்கைக் கணக்கெல்லாம் பாப்பில்லரி, ஃபாலிக்குலர் வகைகளுக்கு. மெடுல்லரி என்ற வகை வேறு செல்லில் தோன்றுகிறது; அயோடினை இழுக்காது. குடும்பத்தில் தொடரும்போது அதற்குக் காரணம் ரெட் மரபணுக் கோளாறு என்பது 1993இல் தெரிந்தது. இப்போது அந்தக் குடும்பங்களில் மரபணுச் சோதனை செய்து, புற்று வரும் முன்பே குழந்தையின் சுரப்பியை எடுத்துவிடுகிறார்கள். மிகக் கொடிய மாற்றம் இருந்தால் ஒரு வயதுக்குள்ளேயே.

அயோடினுக்கு மசியாத சிலருக்கும் இப்போது வழி இருக்கிறது. சிறுவர்களின் கட்டிகளில் அதிகம் காணப்படும் மரபணு இணைவுகளையே குறிவைக்கும் மாத்திரைகள் வந்துவிட்டன. லாரோட்ரெக்டினிப் 2018இலும் செல்பெர்காட்டினிப் 2020இலும் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன. விலையைக் கேட்டால் நம்மூர்க் குடும்பங்களுக்குத் தலை சுற்றும்.

சிகிச்சையைக் குறைப்பது ஒருபுறம். தேடுவதைக் குறைப்பது இன்னும் கடினம். 2011 மார்ச் மாதம் ஃபுகுஷிமா விபத்து நடந்த பிறகு, செர்னோபிலை நினைவில் வைத்து, அந்த மாகாணத்தின் 18 வயதுக்கு உட்பட்டவர்கள் எல்லோருடைய கழுத்தையும் அல்ட்ராசவுண்டில் பார்க்க ஜப்பான் முடிவெடுத்தது. முதல் சுற்றில் ஏறத்தாழ மூன்று லட்சம் பேரைச் சோதித்ததில் நூற்றுக்கும் மேற்பட்டோருக்குப் புற்று அல்லது புற்று என்ற சந்தேகம் வந்தது. பெற்றோர் கலங்கினார்கள். ஆனால் பாலும் உணவும் உடனே கட்டுப்படுத்தப்பட்டதால் ஃபுகுஷிமாக் குழந்தைகள் வாங்கிய அளவு செர்னோபிலைவிடப் பல மடங்கு குறைவு. செர்னோபிலில் அதிகம் பாதிக்கப்பட்டது கைக்குழந்தைகளும் மழலைகளும். இங்கே நோய் தெரிந்ததோ பதின்வயதினரிடம். எந்த ஊரில் மூன்று லட்சம் பிள்ளைகளின் கழுத்தை நுண்ணிய கருவியால் துழாவினாலும் இப்படிக் கிடைத்திருக்கும் என்பதே ஐ.நா. குழுவின் முடிவு. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை கூட்டிய நிபுணர் குழு, அணு விபத்துக்குப் பிறகு மக்கள் எல்லோரையும் இப்படிச் சோதிக்க வேண்டாம் என்று 2018இல் பரிந்துரைத்தது.

தென்கொரியாவில் விபத்துகூட நடக்கவில்லை. 1999இல் தொடங்கிய தேசியப் புற்றுநோய்ச் சோதனைத் திட்டத்தோடு, கொஞ்சம் கூடுதல் பணம் கொடுத்துக் கழுத்து ஸ்கேனும் எடுத்துக்கொள்ளும் வழக்கம் பரவியது. 2011இல் தைராய்டு புற்றின் எண்ணிக்கை 1993இல் இருந்ததுபோல் 15 மடங்கு. அதனால் இறப்பவர்களின் எண்ணிக்கை அசையவே இல்லை. நம் ஊர்களிலும் முழு உடல் பரிசோதனைத் தொகுப்புகள் விற்பனைக்கு வந்துவிட்ட நிலையில், அறிகுறி ஏதும் இல்லாத கழுத்தை ஸ்கேன் செய்யும் முன் கொரியாவின் கணக்கைப் பார்ப்பது நல்லது. கையில் தட்டுப்படும் கட்டி இருக்கும் சிறுவர் அப்படியல்ல. பெரியவர்களின் தைராய்டு கட்டிகளில் புற்றாக இருப்பவை நூற்றுக்குப் பத்துக்கு உள்ளேதான். சிறுவர்களின் கட்டிகளில் நான்கில் ஒன்று என்ற அளவுக்குப் போகிறது. அதை ஆறப்போடக் கூடாது.

முழுச் சுரப்பியும் எடுக்கப்பட்டவருக்குக் காலையில் வெறும் வயிற்றில் தைராக்சின் மாத்திரை ஆயுள் முழுவதும் துணைக்கு வரும். தைராய்டு செல்கள் சுரக்கும் புரதமான தைரோகுளோபுலினின் அளவை ரத்தத்தில் பார்ப்பது, கழுத்து ஸ்கேன், தைராய்டு செல்களைத் தூண்டும் டி.எஸ்.எச். ஹார்மோனின் அளவை ஆபத்துக்கு ஏற்பத் தாழ்த்திவைப்பது எல்லாம் தொடரும். பதின்வயதில் மாத்திரையைத் தவறவிடுவது சாதாரணம். குழந்தை மருத்துவரிடமிருந்து பெரியவர்களின் மருத்துவரிடம் மாறும் 18, 20 வயதில் பலர் தொடர்பு அறுந்து காணாமல் போகிறார்கள்; நோய் இருபது ஆண்டு கழித்தும் திரும்பக்கூடியது என்பதால் அந்த இடைவெளி ஆபத்தானது.

பெண்களுக்கு இந்த நோய் அதிகம் வருகிறது. ஆகவே கல்யாணப் பேச்சு எழும்போது கழுத்துத் தழும்பும் குழந்தைப்பேறும் கூடவே எழுகின்றன. மருத்துவம் சொல்லும் விடை எளிமையானது. கதிரியக்க அயோடின் எடுத்துக்கொண்டவர்கள் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை கருத்தரிப்பைத் தள்ளிவைக்க வேண்டும். கர்ப்பம் உறுதியானதும் தைராக்சின் அளவை வழக்கமாகக் கால்பங்கு அல்லது அதற்கும் மேல் கூட்ட வேண்டியிருக்கும். அதற்காக உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். பெற்றோர் வாங்கிய கதிர்வீச்சு பிள்ளையின் மரபணுவில் இறங்குமா என்ற அச்சத்துக்கும் 2021இல் பதில் வந்தது. செர்னோபில் கதிர்வீச்சுக்கு ஆளான பெற்றோருக்கு 1987க்கும் 2002க்கும் இடையே பிறந்த 130 பேரின் மரபணுத் தொகுதி முழுவதையும் தாய் தந்தையரின் தொகுதியோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். புதிதாகத் தோன்றிய மாற்றங்கள் மற்ற குழந்தைகளிடம் இருப்பதைவிட அதிகமாக இல்லை.